அக்காவின் அரியரும் அப்பாவின் தண்ணீரும்

நம் செட்டு ஆட்கள் எங்காவது கல்யாணத்தில் சந்தித்துக்கொண்டால் இப்போதெல்லாம் முதல் பேச்சே மாத்திரையைப் பற்றித்தான். போன மாதமும் அப்படித்தான் பந்தியில் உட்கார்ந்து பிரஷர், சுகர் என்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வரிசைக்கு சாம்பார் வரவில்லை என்று ஒருவர் சமையல்காரரைப் பிடித்துக் கத்தினார். பின்னால் அண்டா அண்டாவாக சாம்பார் ஆவி பறக்க நிற்கிறது, பரிமாறத்தான் ஆள் இல்லை. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். சொன்னால் இலை காய்ந்துவிடும் என்று அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ரயிலை நிறுத்திவிட்டுப் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரே பஸ்ஸில் தொங்கியது. அக்கா சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தாள், அவளும் தொங்கினாள். நான் ஏழாவது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சிதம்பரம் ரோட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ரியாக்டர் ஓட்டும் வேலை. ரியாக்டர் என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ராட்சத குக்கர், அவ்வளவுதான். அதில் சொன்ன சரக்கைச் சொன்ன அளவில் ஊற்றி, சூடு வைத்து, ஷிப்ட் முடிவதற்குள் இறக்கிக் கொடுக்க வேண்டும்.

கம்பெனியில் மாசாமாசம் சிவப்பு சோப்பு கொடுப்பார்கள். அது செங்கல் கனத்துக்கு இருக்கும், நுரையே வராது. அந்த சோப்பை இப்போது எந்தக் கடையில் தேடினாலும் கிடைப்பதில்லை. என்ன தேய்த்தாலும் அப்பாவின் காக்கிச் சட்டையிலிருந்து ஒரு வாசனை மட்டும் போகாது. அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தோடு நகப்பூச்சைக் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதற்குக் காரணம் எஸ்டர் என்று அக்கா சொல்வாள். எனக்கு அது பிடிக்கும். அம்மாவுக்கு ஆகவே ஆகாது. வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பின்பக்கம் இருக்கும் பச்சை வாளியில் போட்ட பிறகுதான் அப்பா உள்ளே வரலாம். எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி கறாரான சட்டம் அது.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியபோதே வீடு ஒரு மாதிரி இருந்தது. அக்கா ஒரு பேப்பரில் ஃபெயில். தியரியும் போச்சு, பிராக்டிகலும் போச்சு. எப்படிப் போச்சு என்பது ஒரு கூத்து. எஸ்டரையும் தண்ணீரையும் கொஞ்சம் ஆசிட் விட்டுக் கலந்து, அது எவ்வளவு வேகத்தில் பிரிகிறது என்று பார்க்கும் பரிசோதனை. அதில் அக்காவின் கைக்கு வந்த ரீடிங் எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கிறது. கணக்குப் போட்டால் முதல் வகை வினை, அதாவது வேகம் ஒரே ஒரு பொருளின் அளவைத்தான் பார்க்கும் என்று விடை வரும். அக்காவோ சமன்பாட்டைப் பார்த்தாள். எஸ்டர் ஒன்று, தண்ணீர் ஒன்று, ஆக இரண்டு மூலக்கூறு. அப்படியானால் இரண்டாம் வகையாகத்தான் இருக்க வேண்டும், நம் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டி, ரீடிங்கையெல்லாம் இரண்டுக்கு ஒத்துவருகிற மாதிரி சமைத்துவிட்டாள். சமைப்பது என்பது லேப் பாஷை. நம்மில் அதைச் செய்யாதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஆனால் உலகமே சரியான விடைக்குத்தான் சமைக்கும். சரியான விடையை அழித்துவிட்டுத் தப்புக்குச் சமைத்தவள் எனக்குத் தெரிந்து எங்கள் அக்கா ஒருத்திதான். தியரியிலும் அதையே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்தாள்.

அரியர் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டவும் இல்லை. சோறு போடச் சொல்ல வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி, நான் அக்காவிடம் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களிடம் சொல்லாதே என்று அம்மா எனக்கு எச்சரிக்கை. ஆனால் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். பொண்ணுக்குப் படிப்பு ஏறல, வரன் பார்க்க ஆரம்பிக்கலாம் என்று வருகிறபோதெல்லாம் ஆரம்பித்தார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. சாயங்காலம் கைடைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, வினைவகைக்கும் மூலக்கூறு எண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிப்பாள். மூலக்கூறு எண் என்பது ஒரு படியில் எத்தனை மூலக்கூறுகள் மோதிக்கொள்கின்றன என்ற எண்ணிக்கை. அது முழு எண்ணாகத்தான் இருக்கும், சைபராகவோ அரையாகவோ வராது. வினைவகை அப்படியல்ல. எதன் அளவு மாறினால் வேகம் மாறுகிறது என்பதைச் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்படி ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடியாத நேரத்தில் அப்பா வந்து நின்றார். கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சஸ்பெண்ட்.

நடந்தது இதுதான். ரெண்டு நாளைக்கு முன்னால் அவர் ஷிப்டில் ரியாக்டருக்குத் தண்ணீர் விடும்போது மோட்டார் நின்றுபோனது. கொஞ்சம் தண்ணீர் குறைந்தது. மற்றதெல்லாம் சரியாக ஊற்றி, தண்ணீர் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து ரியாக்டருக்குள் எஸ்டர் பிரிகிற வேலை பாதியிலேயே நொண்டியது. முடிந்திருக்கும் என்று நினைத்து அடுத்த ஷிப்டில் சரக்கை இறக்கிவிட்டார்கள். மொத்தமும் பாழ். ஏன் என்று கேட்டபோது, தண்ணீர் குறைந்ததுதான் காரணம் என்று பிளான்ட் இன்சார்ஜ் எழுதிவிட்டார். விசாரணையில் அப்பாவின் மேல் குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அப்பா வயதில் வேறு கம்பெனி எடுக்காது. வேலை போனால் அக்காவின் படிப்பு அத்தோடு நிற்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வீட்டில் அந்தப் பழ வாசனை நின்றுபோனது. பச்சை வாளி பின்பக்கத்தில் கவிழ்ந்தே கிடந்தது. மழை அதன் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கும். அப்பா வேட்டியோடு பகலில் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே என் நடை மெதுவாகிவிடும்.

முதல் விசாரணை முடிந்து வந்த அன்று அப்பா சாப்பிட்டபடியே அம்மாவிடம் சொன்னார். மாமாவும் இருந்தார். இன்சார்ஜ் சார் போர்டில் எழுதியே காட்டிவிட்டாராம். "எஸ்டர் ஒண்ணு, தண்ணி ஒண்ணு. ரெண்டும் சேந்தாத்தான் வேலை நடக்கும். ஒண்ணு கொறைஞ்சா வேகம் கொறையும், இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்னுட்டாரு. நான் என்னாத்த சொல்ல?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்துவிட்டாள். சத்தமாகவே சிரித்துவிட்டாள். வேறு எந்த வீடாக இருந்தாலும் அன்று அவளுக்கு அறை விழுந்திருக்கும். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முறைத்தாள். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் ஃபெயிலானதே இதுலதான்பா," என்றாள். "இதையேதான் எழுதுனேன். இது தப்புப்பா."

பல வாரங்களுக்குப் பிறகு அவள் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அப்பா கையை வாய்க்குக் கொண்டுபோவதை நிறுத்தினார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். சமன்பாட்டில் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்காக ரெண்டு பேரும் வேகத்தை இழுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தண்ணீர் அங்கே வேண்டிய அளவுக்கு மேல் கிடக்கிறது. ஆசிட்டுக்கோ சமன்பாட்டில் பேரே கிடையாது, ஆனால் அது இல்லாமல் வேலை நகராது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்ததும் வேறு விதமாகச் சொன்னாள்.

"கல்யாண வீட்ல அண்டா அண்டாவா சோறு இருக்குது. அதுல ஒரு கூடை கொறைஞ்சா பந்தி மெதுவாவா நடக்கும்? பரிமாற ஆள் கொறைஞ்சாத்தாம்மா பந்தி நிக்கும். ஆசிட்டுதான் பரிமாறுற ஆளு."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அரியர் வைத்திருப்பவள் பேச்சைக் கேட்டு ஆபீசர்களிடம் போய் வாதாடினால் கிடைக்கிற இரக்கமும் போய்விடும் என்றார். கோர்ட்டில் எத்தனையோ கேஸ் பார்த்தவராம். தப்புதான் என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பேக்கிங்கிலோ வாட்ச்மேனாகவோ ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், எழுதுகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவருக்கு அக்கா மேல் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். அது கோபமில்லை, பயம். இந்த வயதில்தான் அது எனக்குத் தெரிகிறது.

பயம் அக்காவுக்கும் இருந்தது. ராத்திரி பாயில் என் காதருகே, நான் சொல்றது தப்பா இருந்தா என்னடி பண்றது என்று கேட்டாள். ஒரு தடவை அதே கேள்வியில் வழுக்கி விழுந்தவள் அல்லவா. சனிக்கிழமை அரியர்காரர்கள் பழகுவதற்காகக் கல்லூரி லேபைத் திறந்து வைப்பார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நேரம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம்.

லேபுக்குள் கால் வைத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்திருந்தாள். அப்பா வாசனை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா புரிந்துகொண்டு மூடியை மூடிவிட்டு, என் கையில் ஒரு பெரிய வட்டமான ஸ்டாப் கிளாக்கைக் கொடுத்தாள். அதன் கனமும் சத்தமும் இன்னும் உள்ளங்கையில் இருக்கின்றன.

மூன்று பாட்டில். முதலாவது, பாடத்தில் சொல்லியிருக்கிற அளவு. இரண்டாவதில் தண்ணீர் மட்டும் குறைவு. மூன்றாவதில் தண்ணீர் முழுசாக இருந்தது, ஆசிட் மட்டும் வீரியம் குறைவு. நான் நேரம் சொல்லும்போதெல்லாம் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பனிக்கட்டியில் விடுவாள், வேலை அந்த நொடியோடு நிற்க வேண்டும் என்பதற்காக. லேப் அண்ணன் மீன் மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த பனிக்கட்டி அது. அதில் மீன் கவிச்சி அடிக்கும். எஸ்டர் வாசனையும் கவிச்சியும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே நினைத்துப் பாருங்கள். பிறகு ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, எந்தச் சொட்டில் ரோஸ் நிறம் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பாள். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. மதியம் நாங்கள் சாப்பிடவில்லை.

கணக்குப் போட்டு முடித்தாள். முதல் பாட்டிலும் இரண்டாவதும் ஒரே வேகத்தில் போயிருந்தன. மூன்றாவது நொண்டியது. அக்கா பேனாவை மூடி வைத்தாள். இந்த முறை அவள் எதையும் சமைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே அப்பா முன்னால் போய் நின்று, அன்றைக்கு எந்த ஆசிட் என்று கேட்டாள். ஷெட்டுக்கு வெளியே கிடந்த ட்ரம் என்றார் அப்பா. சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பவும் மூடியத் தொறந்தா மூக்குல சுருக்குனு ஏறும். அன்னிக்கு ஏறல. சளி புடிச்சிருக்குதுன்னு நெனச்சிட்டேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். வாரக்கணக்காக மழை. வெளியே கிடந்த ட்ரம்மின் மூடி வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருந்தால் ஆசிட் நீர்த்துத்தான் போயிருக்கும். ஆனால் அது நமக்குத் தோன்றுவதுதானே, அவர்களிடம் எப்படி நிரூபிப்பது? அவர்களே செய்து பார்த்தால்தான் உண்டு என்றாள் அக்கா. அந்த ட்ரம் ஆசிட்டில் முழுத் தண்ணீர் விட்டு ஒன்று, புது ட்ரம் ஆசிட்டில் தண்ணீர் குறைத்து ஒன்று. கம்பெனி லேபிலேயே செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாமா மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போட்டால் போதும். செய்து பார்த்து அது அப்பாவுக்கு எதிராக வந்துவிட்டால் இந்தக் கடிதத்துக்கும் மதிப்பிருக்காது. அப்பா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை அடுப்படியிலேயே நின்ற அம்மா வெளியே வந்தாள்.

"புள்ள சொல்றதக் கேளுங்க. தோத்தா, ரெண்டு பேரும் சேந்தே தோத்துட்டு வாங்க. நான் சோறு போடுறேன்."

மாமா அதற்கு மேல் உட்காரவில்லை. அம்மா இந்தப் பேச்சை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவது விசாரணை அன்று நாங்கள் மூன்று பேரும் கம்பெனி கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் ஒரே குடைக்குள் நின்றோம். அம்மா வர வேண்டாம் என்று அப்பா சொன்னார், அம்மா காதில் வாங்கவில்லை. சிதம்பரம் பஸ்கள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. அக்காவின் கல்லூரித் தோழிகள் ஜன்னலிலிருந்து கை காட்டினார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கேட்டையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் காதைக் கிட்டே கொண்டுபோனால், வினைவகை என்பது பரிசோதனையால் மட்டுமே அறியப்படுவது என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கேட்டின் சின்னக் கதவு திறந்து அப்பா வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோட்டைக் கடந்து எங்களிடம் வந்தார். சட்டைப் பையில் கேட் பாஸ் இருந்தது. அம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா அவளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அரியர் பரிச்ச என்னிக்கு?" என்று கேட்டார்.

"வர மாசம்பா," என்றாள் அக்கா. அவ்வளவுதான், ரெண்டு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, பஸ்ஸிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அதே சமயம் என் நெஞ்சில் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பசி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உள்ளே நடந்ததைப் பஸ்ஸில் வரும்போது சொன்னார். மேனேஜர் முதலில் மறுத்திருக்கிறார். அப்பா பந்தி, அண்டா, பரிமாறுகிற ஆள் என்று அக்கா சொன்னதை அப்படியே சொன்னாராம். மேனேஜர் சிரித்துவிட்டு, செய்துதான் பார்ப்போமே என்று லேபுக்கு அனுப்பினார். புது ட்ரம் ஆசிட், தண்ணீர் குறைவாக இருந்தும் வேலையை நேரத்துக்கு முடித்தது. வெளியே கிடந்த ட்ரம்மின் ஆசிட், முழுத் தண்ணீர் விட்டும் பாதியைத் தாண்டவில்லை. இன்சார்ஜ் சார் கூடவே நின்று பார்த்தவர், நான் முன்னாடியே செஞ்சு பாத்திருக்கணும் என்று அப்பாவிடமே சொன்னாராம். நான் அவரை வில்லனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவரும் எங்கள் அக்காவைப் போலத்தான், எழுதியிருக்கிற பேர்களை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு கட்டியிருக்கிறார். என்ன, அக்காவுக்கு அதற்கு ஃபெயில் போட்டார்கள், அவருக்கு யாரும் போடவில்லை. ட்ரம்மின் மூடியைத் தளர்வாக விட்டது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அப்பா அதைக் கேட்கவும் இல்லை.

அரியர் பரீட்சையில் அந்தக் கேள்வி வரவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அதில் ஏக வருத்தம். ஆனாலும் பாஸாகிவிட்டாள். மாமா லட்டு வாங்கிக்கொண்டு வந்து, எங்க வீட்டுப் பொண்ணுக்கு மூளை அப்பவே ஜாஸ்தி என்றார். யாரும் அவருக்கு ஒன்றையும் ஞாபகப்படுத்தவில்லை. நிம்மதியில் இருக்கும்போது மனுஷருக்கு அப்படி ஒரு தாராளம் வந்துவிடுகிறது.

எனக்கு அதையெல்லாம்விட முக்கியமானது, அப்பா மறுபடி வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம். மழை விட்டிருந்தது. வாசலில் நின்று வழக்கம்போலச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். பின்பக்கம் போய்ப் பச்சை வாளியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு நான் ஓடி வந்தேன். அம்மா வாளியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். அப்பாவின் கையிலிருந்து சட்டையையும் வாங்கினாள். அதை நேரே கூடத்துக்குள் கொண்டுபோய், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். வீடு முழுக்க அந்தப் பழ வாசனை பரவியது. அப்பா தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா. "நாளைக்குத் தொவச்சிக்கலாம்."